வளைந்த கத்திக்குக் கைக்கல்லா, கைடட் ஷார்ப்னரா?

லீக்ஸ் வெட்டும்போதுதான் குறை தெரிந்தது. வளையங்கள் தனித்தனியாக விழாமல் அடித்தோலில் ஒட்டிக்கொண்டு மாலை மாதிரி எழுந்து வந்தன. ஹட்டனில் சின்னதாய் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) என்று தினமும் கிலோக்கணக்கில் வெட்டுகிற வேலை. கத்தியின் வாயைப் பலகையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், வளைவு தொடங்கும் இடத்தில் பலகைக்கும் வாய்க்கும் நடுவே இடைவெளி. பல வருடம் கல்லில் கையால் தீட்டியதில் விழுந்த பள்ளம் அது.

இழுத்து எடுக்கும் சின்ன ஷார்ப்னரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வாயைச் சுரண்டிவிடும். சாணைச் சக்கரம் அவசரத்துக்கு உதவும். ஆனால் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும், சூடேறினால் வாயின் பதமும் போய்விடும். மிச்சம் இரண்டு: கையால் கல்லில் தீட்டுவது, அல்லது கத்தியைக் கிளாம்பில் இறுக்கி, கம்பியில் மாட்டிய கல்லை ஒரே கோணத்தில் ஓட்டும் கைடட் ஷார்ப்னர்.

நான் கைடட் பக்கம்தான். கைக்கல் வேகமானது, செலவு குறைவு, எங்கேயும் கொண்டுபோகலாம். ஆனால் வளைவு வந்ததும் கைப்பிடியை மெல்ல உயர்த்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். பகல் சாப்பாட்டு வேலை முடிந்து களைத்த கைக்கு அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிதான் வரும்.

கைடட் ஷார்ப்னரை வாங்கியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. முதல் வாரம் எனக்கு நுனி மட்டும் அகலமாகத் தேய்ந்தது. காரணம், கிளாம்ப் பிடித்த இடம். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

கல் கம்பியோடு சேர்ந்து புரளக்கூடிய செட்டில், வாயின் நேரான பகுதி முழுக்கக் கோணம் மாறாது. வளைவில்தான் மாறும். அந்த இடத்தில் வாய் போகும் திசையிலேயே ஒரு நேர்கோடு நீட்டிப் பாருங்கள். கம்பி சுழலும் புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. சுழலும் புள்ளி கத்தியின் மட்டத்திலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில், தூரம் 20 சென்டிமீட்டர் என்றால் கோணம் 20 பாகைக்குச் சற்று மேல். தூரம் 23 ஆனால் 18 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். கிளாம்பைக் கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பிடித்தால் நுனியில் கோணம் குறைந்து வாய் மெலியும். நுனிப் பக்கம் கொண்டுபோனால் கோணம் கூடி நுனி மொட்டையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அது கத்திக்குக் கத்தி வேறு.

கண்டுபிடிக்க மார்க்கர் போதும். வாயோரம் முழுக்க மை பூசி, கல்லை அழுத்தாமல் இரண்டு தடவை ஓட்டுங்கள். வளைவில் வாய் விளிம்பில் மை மிச்சமிருந்தால் அங்கே கோணம் குறைவு. விளிம்பில் மட்டும் அழிந்து மேலே மிச்சமிருந்தால் கூடுதல். கிளாம்பை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் கத்தி முதுகில் சின்னக் கோடு கீறிவிட்டேன். இப்போது 400 நம்பர் முரட்டுக் கல்லைத் தொடுவதே அபூர்வம். அதைவிட மென்மையான 1000 கல்லில் ஐந்து நிமிடம், வாயோரத்தில் எழும் பிசிறை எடுத்தால் வேலை முடிந்தது. இரும்பு அநியாயமாகத் தேய்வதில்லை. தினமும் உழைக்கிற கத்திக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று, பழைய பள்ளத்தை ஷார்ப்னர் எடுக்காது. இருக்கிற வடிவத்தை அப்படியே பின்தொடரும். முதலில் கத்தியை நிமிர்த்தி, முரட்டுக் கல்லில் வாயைத் தேய்த்துப் பள்ளத்தைக் கரைத்த பிறகுதான் கிளாம்பில் மாட்டினேன்.

இதெல்லாம் வெளிப்பக்கம் வளைந்த இரண்டு சமையல் கத்திகளில் கண்டது. வளைந்து கொடுக்கும் மெல்லிய மீன் கத்தியை ஒரே தடவைதான் மாட்டினேன். கல் பட்டதும் நுனி அசைந்தது, அதனால் அதற்கு இதைச் சொல்ல மாட்டேன்.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி உள்பக்கம் வளைந்தது. அகலமான தட்டைக் கல் அந்தக் குழிவில் இரண்டு ஓரத்தில்தான் படும், நடுவில் படாது. கவ்வாத்து மலையில் நிற்கிறவர் கிளாம்பைத் தூக்கிக்கொண்டு திரியவும் முடியாது. வெட்டு சாய்வாக, பிளக்காமல் விழவேண்டும். கிழிந்தால் அந்த வாதில் தண்ணீர் இறங்கி அழுகிவிடும் என்று அப்பா நாளுக்குப் பல தடவை நின்று தீட்டுவார். அந்தக் கத்தியை நான் இன்றும் உருண்ட ஓரமுள்ள சின்னக் கல்லால், கையாலேயே தீட்டுகிறேன்.