பழவேற்காட்டுச் சின்ன மியூசியம்: பின் அறைக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்

தடாவில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் தரை வழியாகப் போவதென்றால் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு, காலையில் கிளம்பினால் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். ஆயாவையும், அதாவது என் பாட்டியையும், கூட்டிக்கொண்டு போனேன். எண்பது வயது தாண்டிவிட்டது, பிறந்தது இதே ஏரியில் உள்ள இருக்கம் தீவு. ஆந்திராவில் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ், இன்றைக்கும் படகில்தான் போக வேண்டும். தீவுச் சாமான்களை எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும், "எங்க ஊட்டு உரலை எவன் எடுத்துனு போய் வச்சான்"னு கேட்டுக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

பழைய ஓட்டு வீடு, இரண்டே அறை. உள்ளூர்க்காரர்கள் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தது. டிக்கெட் ஆளுக்கு 20 ரூபாய்.

முன் அறை முழுக்க டச்சுக்காரர்கள். 1609இல் வந்தார்கள், 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள், இப்போது கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் புதரும்தான். உடைந்த பீங்கான், பழைய வரைபடம், சில காசுகள். காசில் வி.ஓ.சி. என்று பார்த்ததும் நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. என்று நினைத்துவிடாதீர்கள், அது அவர்கள் கம்பெனி முத்திரை. எனக்குப் பிடித்தது துணி பற்றிய பகுதி. இங்கிருந்து கப்பலேறிப் போன கட்டம் போட்ட துணியின் பெயர்தான் மலாய்க்காரர்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கைலியை அவர்கள் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள், பெலிகாட் என்றால் புலிகாட், அதாவது பழவேற்காடு. ஆனால் இதே சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆட்களையும் அடிமைகளாகப் பிடித்து பதாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு மூலையில் ஒரே ஒரு வரி, அதுவும் பொடி எழுத்தில். பீங்கானுக்கு ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியவர்களுக்கு இதற்கு இடமா கிடைக்கவில்லை? இதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

சரி, பின் அறைக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். ஓலைப்பெட்டி, உலக்கை, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு, சாயம் போட்ட பனையோலையில் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் முடைந்த கூடைகள், அப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்னைக்கு பக்கிங்காம் கால்வாய் வழியாக விறகு ஏற்றிப் போன படகின் படம் ஒன்று. 1971 அக்டோபரில் அங்கே முதல் ரோகிணி ராக்கெட் விட்டார்கள் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. தளம் வருவதற்கு முன்னால் தீவில் இருந்த ஊர்களைக் காலி செய்ய வைத்தார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோம். ஆயா அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "எங்க பெரியம்மாவ கட்டிக் குடுத்தது அங்கதான்" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு சின்ன ஓலைப் பை மாதிரி ஒன்று, வாய் குறுகலாக இருந்தது. கீழே அட்டையில் 'காய்கறிக் கூடை' என்று எழுதியிருந்தார்கள். படித்துச் சொன்னதும் ஆயா சிரித்த சிரிப்பில் வெளியே டிக்கெட் கொடுத்த தம்பியே உள்ளே ஓடி வந்துவிட்டான். "காய்கறியா? இது பறிடா. யானாதிப் பொம்பளைங்க இதப் பல்லுல கடிச்சினு தண்ணிக்குள்ள குந்திக்கினு ரெண்டு கையாலயும் சேத்துல எறாவத் தடவிப் புடிப்பாங்க, புடிச்சத உள்ள போட்டுக்குவாங்க" என்று கழுத்தை நீட்டி, பல்லைக் கடித்து, கையை விரித்து நடித்தே காட்டினாள். யானாதிகள் இந்தப் பக்கத்துப் பழங்குடிகள். தம்பி போனில் வீடியோ எடுத்துக்கொண்டான். அட்டையை மாற்றிவிடுவதாகச் சொன்னான், மாற்றினானா என்று யாராவது போனால் பார்த்துச் சொல்லுங்கள்.

பாடு பற்றி ஒரு பலகை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதைக் குப்பத்துக்காரர்களே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பெயர்தான் பாடு. தலைக்கட்டு என்று கணக்கில் இருப்பவருக்குத்தான் பங்கு. பலகையில் இல்லாத ஒன்று, முறையில் சேராத மற்ற மீனவர்கள் அந்த இடங்களில் வலை போட முடியாது, யானாதிகளும் இருளர்களும் கையால் தடவிப் பிடிப்பதோடு சரி. அந்தப் பறி பாடுப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கியிருந்தால் கதை முழுதாக வந்திருக்கும், இப்போது எதிர்ச் சுவரில் தனியாகத் தொங்குகிறது.

குறைகள் உண்டு. பாதி அட்டைகள் இங்கிலீஷில் மட்டும். மாநில எல்லை ஏரிக்குள்ளேயே போகிறது, ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான், தெலுங்கில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம், சூலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களிடம்தான் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள், ஆயாதான் அவர்களுக்குத் தெலுங்கில் விளக்கினாள். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். பின் அறையில் ஃபேன் ஓடவில்லை.

நேரம் இருந்தால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள், வாசலிலேயே கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். நாங்கள் கேட் வரைக்கும்தான் போனோம், எலும்புக்கூட்டைப் பார்த்ததும் ஆயா உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

மியூசியத்தில் ஓலைக் கூடைகள் விற்கிறார்கள். மூடி போட்ட ஒன்று 250 ரூபாய் சொன்னார்கள். ஆயா பேரம் பேசுவாள் என்று நினைத்தேன். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, முடைந்தது யார் என்று கேட்டு, கேட்ட காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். வெற்றிலை அதில்தான் இப்போது இருக்கிறது.