தோள்பட்டை வலிக்கு போவன் தெரபி: ஒன்றரை வருட அனுபவம்

2023 ஐப்பசியில் இடது கை தோளுக்கு மேலே எழும்பாமல் நின்றுபோனது. பின்னல் போட முடியவில்லை. மின்சார ரயிலில் கைப்பிடி எட்டவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போய் உயிர் வரும். இடது பக்க வலி என்பதால் டாக்டர் முதலில் இசிஜி எடுத்தார். பிறகுதான் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’, அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது, என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை.

சுளுக்கு வழிக்க ஓரிடத்துக்குப் போனேன். எண்ணெய் தடவி, கையை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டார்கள். பத்து நாள் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. அந்தப் பயத்தில்தான் நங்கநல்லூரில் போவன் தெரபி செய்யும் ஒரு அம்மாவிடம் போனேன்.

எண்ணெய் கிடையாது, நெட்டி முறிப்பது கிடையாது. உடுத்திய துணியோடு படுக்க வேண்டும். கட்டைவிரலால் தசையின் குறுக்கே மெல்ல ஒரு உருட்டு. இரண்டு மூன்று இடத்தில் அப்படிச் செய்துவிட்டு அறையைவிட்டே போய்விடுவார். இரண்டு நிமிடம் கழித்து வந்து அடுத்தது. வலிப்பது தோள், ஆனால் ஆரம்பிப்பது இடுப்பில். அந்த இடைவெளியில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். மாதக்கணக்கில் காதுவரை தூக்கியே வைத்திருந்த தோள் தானாக இறங்குவது தெரியும். இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அதை இறக்கியது என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் டாம் போவன் என்பவர் உருவாக்கிய முறை இது. 2015இல் அந்த நாட்டு அரசே 17 இயற்கை சிகிச்சைகளை ஆராய்ந்தபோது போவனுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஃப்ரோஸன் ஷோல்டரும் ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் தானாகத் தளரும் நோய். அதனால் இதுதான் குணமாக்கியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நாலாவது சிட்டிங்குக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். அது எனக்குப் பெரிய விஷயம். வலி குறைந்த பிறகே பிசியோதெரபிஸ்ட் சொன்ன சுவர்ப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தது.

சிட்டிங்குக்கு ரூ.1,200. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று, மொத்தம் பதினாலு. சர்க்கரை மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. விடச் சொல்பவரிடம் போகாதீர்கள்.

சமையலறைச் சுவரில் விரல் ஏறிய உயரத்தை வாராவாரம் பென்சிலால் குறித்துவைத்தேன். கடைசிக் கோடு மேல் அலமாரியின் கைப்பிடியைத் தொடுகிறது. முதுகுப் பக்கம்தான் கை இன்னும் முழுசாகப் போகவில்லை.