டீப் கிளீனிங் முடிந்தும் ஈறு ஆறவில்லை: மறுபடி சுத்தமா, கத்தியா, லேசரா?

ஈறு நோய்க்காக வேர் வரை சுத்தம் செய்துகொண்டவர்களிடம், சில இடங்களில் அதே வாரத்திலேயே அடுத்த கட்டம் பேசப்படுகிறது. லேசர் போடலாம், மருந்துச் சில்லு வைக்கலாம், ஈற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று பட்டியல் நீளும். அந்த வாரத்தில் எதற்கும் தலையாட்ட வேண்டாம். வேரில் ஒட்டியிருந்த பற்காரை போனபின் ஈறு வீக்கம் வற்றி, பல்லோடு இறுகப் பிடிக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதன்பிறகு, ஈறு பல்லை விட்டு விலகி உண்டான பையின் ஆழத்தை மறுபடி அளந்தால்தான் ஒப்பிடுவதற்கே ஏதாவது இருக்கும்.

அளப்பது எளிய வேலை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்குவார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். மருத்துவர் "மூன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே போக, உதவியாளர் குறித்துக்கொள்வார். நடுவில் "மூன்று, இரண்டு, ஏழு" என்று காதில் விழுந்தால், பேச வேண்டியது அந்த ஏழைப் பற்றித்தான். மூன்றும் அதற்குக் கீழும் நலம். நான்கு இருந்தாலும் இரத்தம் வராவிட்டால் கவலையில்லை. இரத்தம் கசியும் நான்கு, ஐந்து ஒரு வகை. ஆறும் அதற்கு மேலும் வேறு வகை. அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எடுத்த அளவு, பின்பு எடுத்த அளவு இரண்டும் கையில் இல்லாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு.

உண்மையான போட்டி இரண்டே இரண்டுக்கு நடுவில்தான்: மறுபடியும் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வதா, ஈற்றைத் திறந்து செய்யும் ஃபிளாப் அறுவை சிகிச்சையா? மற்றவை எல்லாம் இவற்றுக்குத் துணைக்கு வருபவை.

திறக்காமல் செய்யும் சுத்தம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைப்பழக்கத்தால் நடக்கும் வேலை. அதன் எல்லையை 1986-ல் வெளியான ஓர் ஆய்வு அப்பட்டமாகக் காட்டியது. ஆறு மில்லிமீட்டரைத் தாண்டிய பைகளில், திறக்காமல் சுரண்டியபோது 100-க்கு 32 பல் பரப்புகளில்தான் காரை முழுமையாக நீங்கியிருந்தது. திறந்து செய்தபோது அது 50. திறந்தாலும் பாதிதான் என்பதையும் கவனியுங்கள். கடைவாய்ப் பற்களில் வேர் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. அந்தக் கவட்டுக்குள் கருவி நுழைவதே சிரமம்.

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடலாமே என்றால், அங்கேதான் கணக்கு மாறுகிறது. 2002-ல் இரு முறைகளையும் ஒப்பிட்டு வெளியான ஆய்வுத் தொகுப்பின்படி, ஓராண்டுக்குப் பிறகு ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பைகளில் அறுவை சிகிச்சை 0.6 மி.மீ. கூடுதலாக ஆழத்தைக் குறைத்தது. நான்கு முதல் ஆறு வரையிலான பைகளிலும் ஆழம் சற்றுக் கூடுதலாகவே குறைந்தது. ஆனால் இந்த நான்கு முதல் ஆறு வரையிலான பைகளில், ஈறு பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானத்தில் திறக்காத முறைதான் முந்தியது. ஆழமில்லாத இடங்களைத் திறந்தால், திறக்காத முறையைவிட அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடிமானம் போனது. சும்மா கிடந்த இடத்தைக் கிண்டியதற்கான விலை.

ஆகவே என் முடிவு எண்ணைப் பொறுத்தது. இரத்தம் கசியும் நான்கு, ஐந்துக்கு மறுசுத்தம். ஆறும் அதற்கு மேலும், அதுவும் கடைவாயில் இருந்தால், ஃபிளாப். 2020-ல் வந்த ஐரோப்பிய ஈறு நோய்ச் சிகிச்சை வழிகாட்டியும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் செல்கிறது. மேல் முன்பற்களில் ஆறு இருந்தால் மட்டும் கொஞ்சம் தயங்குவேன். அறுவைக்குப் பின் ஈறு மேலே ஏறும், பல் நீளமாகத் தெரியும், இடுக்குகளில் கறுப்பு முக்கோணம் தோன்றும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். சிரித்தால் தெரியும் இடத்தில் இன்னொரு முறை திறக்காமல் முயன்று பார்ப்பதில் தவறில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு மட்டமாகத் தேயாமல், பல்லோரம் கிணறு மாதிரி செங்குத்தாகக் குழிந்திருந்தால் வெறும் ஃபிளாப்போடு நிறுத்தக் கூடாது. மூன்று மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அத்தகைய குழிகளில் எலும்புத் துகளோ, பல் எனாமலின் புரத ஜெல்லோ வைத்து இழந்ததில் ஒரு பகுதியை மீட்க முடியும். செலவு கூடும். ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: அந்த ஜெல் பன்றியின் பல் முளையிலிருந்து எடுக்கப்படுவது; எலும்புத் துகள் பல சமயம் மாட்டினுடையது. மதம், உணவுக் கொள்கை காரணமாக மறுப்பவர்களுக்கு மாற்றுப் பொருள்கள் உண்டு, ஆனால் தையல் போட்டபிறகு கேட்டுப் பயனில்லை.

துணைக்கு வருபவற்றில் பைக்குள் வைக்கும் குளோர்ஹெக்சிடின் சில்லு, டெட்ராசைக்ளின் நார், மினோசைக்ளின் துகள் ஆகியவை ஒரு குடும்பம். வலியில்லை, சில நிமிட வேலை. கிடைக்கும் கூடுதல் பலனோ சராசரியாக அரை மில்லிமீட்டரைத் தொடாது. வாய் முழுக்க ஒன்றிரண்டு பிடிவாதமான ஐந்து மட்டும் மிச்சம் இருந்தால் வைக்கலாம். இருபது இடத்தில் வைக்கச் சொன்னால் அந்தப் பணத்தை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்து வையுங்கள்.

அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எல்லோருக்கும் எழுதித் தருவது சரியல்ல. இளவயதிலேயே வேகமாக எலும்பு கரையும் சிலருக்கு மட்டும் அவை பொருந்தும், அதுவும் சுத்தம் செய்வதோடு சேர்த்து. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாள்களில் மது கூடாது. குறைந்த அளவு டாக்சிசைக்ளின், அதாவது 20 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருமுறை மாதக்கணக்கில் எடுப்பதில் பெரிய சங்கங்களே ஒத்துப்போகவில்லை: அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-ல் அதற்கு ஆதரவு தெரிவித்தது, ஐரோப்பியர்கள் வேண்டாம் என்றார்கள். நான் ஐரோப்பியர் பக்கம்.

லேசர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். விளம்பரத்தில் இருக்கும் உறுதி ஆய்வுகளில் இல்லை. சுத்தத்தோடு லேசரைச் சேர்க்க வேண்டாம் என்பதே ஐரோப்பிய வழிகாட்டியின் பரிந்துரை. கத்திக்குப் பயப்படுகிறவரின் பயத்துக்குத்தான் அங்கே விலை போடுகிறார்கள்.

பேசப்படாத போட்டியாளர் ஒருவர் இருக்கிறார்: "பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளுங்கள்." ஈறு நோய் பற்களோடு போய்விடும் என்ற நம்பிக்கையில் பலர் சம்மதிக்கிறார்கள். தாடையில் பதிக்கும் அந்தச் செயற்கை வேரைச் சுற்றியும் எலும்பு அரிக்கும், ஈறு நோய் வந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், சிகிச்சையும் கடினம். வேர் முனை வரை எலும்பு போய் எல்லாப் பக்கமும் ஆடும் பல்லைத் தவிர, மற்றதைப் பிடுங்கும் முன் ஈறு நோய்த் துறையில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எந்த வழியில் போனாலும் புகை பிடிப்பவருக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் பலன் குறையும். அவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுகூடச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். பல்லிடுக்குப் பிரஷைத் தினமும் பயன்படுத்தாதவருக்கும் இது பொருந்தும். அசுத்தமான வாயில் ஃபிளாப் செய்வது பெரும்பாலும் வீண். ஆறியபிறகும் பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் தேவைப்படும். செலவைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

தனியார் மருத்துவமனையில் ஃபிளாப் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு, சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், பிற ஊர்களின் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். செலவு வெகுவாகக் குறையும், நேரம் கூடும். புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பழைய எக்ஸ்ரேயும் அளவுத் தாளும் கையில் இருந்தால் ஒரு வருகை மிச்சமாகலாம்.