சோகை உரிப்பதா, சட்டை துவைப்பதா?

புகைப்படம் பார்த்துக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லி, ஊரில் மாப்பிள்ளையின் குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் கப்பல் ஏறிய ஜப்பானியப் பெண்கள் இவர்கள். 1908 முதல் 1924 வரை ஆயிரக்கணக்கில் ஹவாய்க்கு வந்தார்கள். படத்தில் பார்த்த வாலிபர், துறைமுகத்தில் பத்து வயது கூடி நின்ற கதைகள் நிறைய. கரும்புத் தோட்டத்தில் அவர் வாங்கும் கூலி குடும்பத்துக்குப் போதாது. சரி, இவளுக்கு என்ன வேலை?

ஒன்று, வயல். 'ஹோலே ஹோலே' என்பார்கள். நம் கரும்பு விவசாயிகள் சொல்லும் சோகை உரிப்புதான், அதாவது கரும்பின் காய்ந்த தோகையை உரித்தெடுப்பது. தோகையின் ஓரம் தோலைக் கிழித்துவிடும். அதனால் அந்த வெயிலிலும் கைக்கு உறை, காலுக்குச் சுற்றுத்துணி, முகத்தை மறைத்து இன்னொரு துணி. முதுகில் குழந்தை. குதிரை மேல் 'லூனா' என்ற மேற்பார்வையாளர். 1915-இல் ஜப்பானியப் பெண்ணுக்கு நாளுக்குச் சராசரி 55 சென்ட் கூலி. ஜப்பானிய ஆணுக்கோ 78. இந்த வித்தியாசத்தை என்னால் ஆறிப்போய் எழுத முடியவில்லை.

இன்னொன்று, கல்யாணமாகாத ஆண்களின் துணி துவைப்பது. செம்மண் அப்பிய சட்டைகளைக் கொதிக்க வைத்து, அடித்துத் துவைத்து, கரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். லூனா இல்லை, குழந்தை கண்ணெதிரே இருக்கும். ஆனால் வேலைக்கு முடிவுமணி கிடையாது.

நான் அவள் இடத்தில் இருந்தால் துவைக்கத்தான் போயிருப்பேன். பலருக்கு அந்தத் தேர்வே வாய்க்கவில்லை: பகலில் சோகை உரித்துவிட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் அடுத்தவர் சட்டையைத் தேய்த்தார்கள்.