காட்டுப்பன்றியைச் சுட யாரிடம் அனுமதி? கேரள வழியும் தமிழ்நாட்டு வழியும்

நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு பன்றிக்கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் வயலை மூக்காலேயே உழுதுவிடும். தின்பது கொஞ்சம், கிளறிப் போடுவது அதிகம். இதற்கு விவசாயி என்ன செய்யலாம் என்றால் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் வேறு விதி.

அடிப்படைச் சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்: 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம். தொடக்கத்தில் அதில் உரிமம் வாங்கி வேட்டையாட இடமிருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது இருப்பது 11-ஆம் பிரிவு. உயிருக்கோ பயிருக்கோ கேடு செய்யும் விலங்கைக் கொல்லத் தலைமை வனவுயிர்க் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதி தரலாம்.

கேரளம் 2022-இல் அந்த அனுமதியை ஊராட்சிக்கே இறக்கியது. ஊராட்சித் தலைவர் கௌரவ வனவுயிர்க் காப்பாளர் ஆனார். துப்பாக்கி உரிமம் உள்ள உள்ளூர்க்காரரை அழைத்துப் பன்றியைச் சுடச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. விஷம், வெடி, மின்சாரம் கூடாது. உடலைப் புதைத்துவிட வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது. காகிதத்தில் இதைவிட வேகமான ஏற்பாடு கிடையாது. ஆனால் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருக்கத் தயாரானவர்கள் எத்தனை பேர்? போதாக்குறைக்கு, தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகள் பெரும்பாலும் காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதிகள் பொருந்தாது.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் எடுத்த வழி நேரெதிர். துப்பாக்கி அரசுப் பணியாளர் கையை விட்டு நகராது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் வனத்துறையினர் சுடலாம். அதற்கும் கிராம நிர்வாக அலுவலர், வனத்துறையினர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழுவின் பரிந்துரை வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே மாதம்தான் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது.

தமிழ்நாட்டு வழியில் ஒரு நன்மை உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காட்டோரத்தில் இருட்டில் சுடும்போது குண்டு எதன்மீது படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பன்றி என்ற பெயரில் மானும் கடமானும் விழாமல் தடுக்க அந்த ஒரு கிலோமீட்டர் உதவும்.

ஆனால் அதிகம் அடிபடுவதும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலம்தான். விதி கைவிரிக்கும் இடத்தில் கள்ள மின்வேலியும் அவுட்டுக்காய் எனும் தீனிக்குள் வைத்த நாட்டு வெடியும் நுழைகின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. பன்றிக்குக் கட்டிய கம்பி அது.

மூன்றாவது வழி, மத்திய அரசு 62-ஆம் பிரிவின்கீழ் ஒரு விலங்கைத் தீங்குயிரி, அதாவது அனுமதி இல்லாமலே கொல்லக்கூடியது என்று அறிவிப்பது. கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. பீகாரில் அப்படி அறிவித்த பிறகு 2016-இல் மொகாமாவில் வெளியூர் வேட்டைக்காரர்களைக் கொண்டுவந்து நூற்றுக்கணக்கில் நீல்காய் மான்களைச் சுட்டதைப் பார்த்தவர்கள் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவார்கள். நானும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு ஒரு கலவை. முடிவெடுக்கும் அதிகாரம் கேரளத்தைப் போல ஊரில் இருக்கட்டும், சுடும் கை தமிழ்நாட்டைப் போல வனத்துறையுடையதாக இருக்கட்டும். பரிந்துரை வந்தால் எத்தனை நாளுக்குள் ஆள் வர வேண்டும் என்று ஆணையிலேயே எழுத வேண்டும். முதல் கிலோமீட்டருக்குள் சுடமாட்டோம் என்றால், அங்குள்ளவர்களுக்குப் பயிர் இழப்பீடு அறுவடைக்கு முன்பே கைக்கு வர வேண்டும். 1 முதல் 3 கிலோமீட்டர் வரையிலான நடு வளையத்தில் பிடிக்கும் பன்றியைப் பக்கத்துக் காட்டிலேயே விடுவதானால் கூண்டுக்கு ஆகும் செலவு வீண். இரண்டாம் இரவே அது அதே வரப்பில் நிற்கும்.