குணம் பார்க்கும் பட்டறை: காசுக்குத் தகுந்தது மத்தியானம்தான்

நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹோட்டல் ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு இந்தப் பட்டறை நடக்கிறது. ‘உங்கள் டைப் என்ன, யாரோடு ஒத்துப்போகும்?’ என்று நோட்டீஸ். ஆளுக்கு 1,500 ரூபாய், ஜோடிக்கு 2,500. கடைக் கூட்டாளிகளும் புதுசாகக் கல்யாணமானவர்களும்தான் அதிகம் வருகிறார்கள். நடத்துகிறவர் பேர் வேண்டாம். இதே சரக்கைப் பலர் விற்கிறார்கள்.

அடிப்படை மையர்ஸ்-பிரிக்ஸ் முறை. உளவியலாளர் யுங் 1921-ல் வெளியிட்ட வகைப்பாட்டை வைத்து அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல்லும் உண்டாக்கியது. குணத்துக்கு நாலு ஜோடி எழுத்து, ஜோடிக்கு ஒன்று உங்களுக்கு, ஆக மொத்தம் பதினாறு வகை. இங்கே கையில் கொடுப்பது அசல் தாள் இல்லை, 60 கேள்வி உள்ள தமிழ் ஜெராக்ஸ். கோளாறு அதிலேயே ஆரம்பம். “விருந்தில் நீங்களே போய்ப் பேசுவீர்களா?” என்று ஒரு கேள்வி. நம்ம பக்கம் விருந்து என்றால் கல்யாண வீடு. அங்கே இருப்பதெல்லாம் மாமா, மைனி, சித்தப்பா. வெளியே வாயே திறக்காத ஆளும் ‘ஆமா’ என்று டிக் அடிப்பார், வெளிமுகம், அதாவது ஆட்களோடு கலகலப்பாகப் பழகுகிறவர் என்று முடிவு வரும். ‘முன்பின் தெரியாதவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில்’ என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. கடையில் இருக்கிற ஆளாகப் பதில் போடணுமா, வீட்டில் இருக்கிற ஆளாகவா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லாவில் பைசா பிசகாத அண்ணாச்சி வீட்டில் தினமும் சாவியைத் தேடுவார்.

எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நூற்றுக்கு 51 எடுத்தவருக்கு ஒரு எழுத்து, 49-க்கு எதிர் எழுத்து. இப்படி நடுவில் நிற்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் எழுத்து மாறுவது சகஜம். அசல் அறிக்கையில் ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவு என்று போட்டிருக்கும். இங்கே மதிப்பெண்ணைக் கேட்டால்தான் தருவார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயமே. மேஜையில் கால் கிலோ அல்வாப் பொட்டலம். கண்ணில் படும் விவரத்தைப் பார்க்கிறவர், அதைத் தாண்டி யோசிக்கிறவர் என்று எதிரெதிர் வகை இருவர் அதைப் பற்றி இரண்டு நிமிஷம் எழுத வேண்டும். ஒரு தாளில்: “கால் கிலோ, பட்டர் பேப்பர், நெய் கசியுது, இன்னும் சூடு.” மற்றதில்: “நெல்லை எக்ஸ்பிரஸ். மெட்ராஸ்ல யாரோ காத்திருக்காங்க.” சரக்கைப் பற்றிக் கேட்டால் ஒரு கூட்டாளி மூட்டைக் கணக்கையும் இன்னொருவர் தீபாவளி வியாபாரத்தையும் ஏன் பேசுகிறார்கள் என்பது இந்த ரெண்டு தாளைப் பார்த்தாலே விளங்கும்.

அடுத்தது குற்றாலப் பயணம். திட்டம் போட்டு நடக்கும் ஜே எழுத்துக்காரர் “காலை 5-க்கு வண்டி, முதல்ல ஐந்தருவி, 10-க்குள்ள திரும்பணும்” என்பார். அப்போதைக்கு அப்போது முடிவெடுக்கும் பி எழுத்துக்காரர் “சாரல் இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்புவோம்”. ரெண்டுமே நியாயம். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் முன்னவர் திட்டம் காலி. பின்னவர் போய்ச் சேரும்போது வண்டி நிறுத்த இடம் இருக்காது. கிளம்பும் நேரம் ஜே கையில், எந்த அருவி என்பது பி கையில் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். சரக்கு எடுக்கப் போகும்போதும் இது செல்லும்.

உள்முக, அதாவது தனக்குள்ளேயே யோசித்துவிட்டுப் பேசும் கூட்டாளிக்குச் சொல்லித்தரும் வழியும் உருப்படி: ராத்திரி கடை அடைக்கையில் கேள்வியைப் போடு, காலையில் பதில் கேள். அங்கேயே நெருக்கினால் “பாப்போம்” என்றுதான் வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் பிறகு சண்டைதான்.

கடைசி ஒரு மணி நேரம், எந்த வகைக்கு எந்த வகை ஒத்துப்போகும் என்று பச்சை, சிவப்பில் காட்டும் பொருத்த அட்டவணை. அப்போது எழுந்து டீ குடிக்கப் போகலாம். பத்துப் பொருத்தம் பார்த்துப் பழகின கை, பதினாறையும் விடாது போல. வகைக்கு வகை உறவுக் கணக்குப் போடுவது லித்துவேனியாவில் 1970-களில் பிறந்த சோஷியானிக்ஸ் என்ற வேறு முறையின் வேலை. தாம்பத்தியத் திருப்தி பற்றிய ஆய்வுகளில், இருவர் குணமும் ஒத்திருப்பதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒவ்வொருவரும் எவ்வளவு சட்டென்று பதறுகிறார், கலங்குகிறார் என்பது. நாலு எழுத்தில் அதற்கு இடமே இல்லை. பிக் ஃபைவ் என்கிற ஐந்து குணச் சோதனையில் உண்டு. ஐபிஐபி என்ற பொதுக் கேள்வித் தொகுப்பில் இருந்து எடுத்த அதன் 120 கேள்வி வடிவம் இணையத்தில் இலவசம்.

கடைக்கு ஆள் எடுக்க இந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டாம். மையர்ஸ்-பிரிக்ஸ் தாளை வெளியிடும் கம்பெனியே கூடாது என்கிறது.

சாப்பாட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உண்டு, குறை சொல்ல முடியாது. அரை நாள் கட்டணம் கிடையாது. காலையில் தாள் எழுதாதவரை மத்தியானம் ஜோடி சேர்க்க மாட்டார்கள்.