வாசலுக்கு வரும் 'கருங்கல்' உரல்: கவனம்

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் இது. சின்ன வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி, கருங்கல் உரல், அம்மி என்று ஒழுங்கை ஒழுங்கையாக விற்கிறார்கள். எனக்கு 4,500 ரூபாய்க்குத் தந்தது கருங்கல்லே இல்லை. சீமெந்தையும் மணலையும் அச்சில் வார்த்துக் கறுப்புச் சாயம் பூசியது.

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பத்தியக் கறிக்கு மிளகு, உள்ளி, நற்சீரகம் எல்லாம் அன்றன்றைக்கு இடித்துப் போட வேண்டும் என்பதில் மாமி பிடிவாதம். கிரைண்டரில் அரைத்ததைத் தொடவும் மாட்டார். பிள்ளை பெற்றவளுக்கு என்று சொல்லித்தான் உரல் கேட்டேன். இடித்த மிளகோடு சாம்பல் நிறத்தில் தூள் வந்தது. விற்ற தம்பிக்குக் கோல் எடுத்தேன்.

"அக்கா, புதுக் கல்லெண்டா அப்படித்தான். ரெண்டு மூண்டு தரம் பச்சரிசி போட்டு இடிச்சுக் கொட்டுங்க, சரியாகும்."

கெட்டிக்காரத் தம்பி. ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. உளியால் கொத்திய நல்ல கல்லிலும் தொடக்கத்தில் தூள் வரும். பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு இடிக்க இடிக்கக் குறைந்து, கடைசியில் மா வெள்ளையாகவே வரும். இதில் குறையவேயில்லை. உரலே அல்லவா உதிர்கிறது! அப்புறம் ஒருநாள் சம்பல் இடித்துத் தேசிக்காய்ப் புளி விட்டால், அடியில் பொட்டுப் பொட்டாக நுரைக்கிறது. கருங்கல்லில் புளி பட்டால் நுரைக்காது. சீமெந்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துத்தான் அப்படி நுரைக்கும். சம்பல் முழுக்க மணல் கடிபட்டது.

பக்கத்து வீட்டில் வாங்கிய அம்மியும் இதே கதைதான், குழவி இரண்டாக உடைந்துவிட்டது. விற்ற தம்பிக்குத் திரும்பக் கோல் எடுத்தால் என் இலக்கத்துக்கு அந்த போன் வேலை செய்யவில்லை. பில் கேட்டபோதும் "புத்தகம் முடிஞ்சிட்டுது அக்கா" என்றுதான் சொன்னார்.

வாங்குகிறவர்கள் உரலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அங்கே சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்காது. காற்றுக் குமிழித் துளைகளோ அச்சு விளிம்பின் கோடோ தெரிந்தால் அது வார்த்தது. ஆணியால் கீறினால் சீமெந்தில் தூள் கொட்டும். கருங்கல்லில் ஆணிதான் தேய்ந்து கோடு போடும். சந்தேகமென்றால் கீறிய இடத்தில் தேசிக்காய் பிழியுங்கள். தேங்காயெண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்கலாம். இதற்கெல்லாம் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். சபையின் துரித இலக்கம் 1977. நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இதே ஆட்களிடம் வாங்கியவர்கள், வாகன இலக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.